ஊருக்கு போறவை கடல்ல இறங்க முதல் ஒருக்கா இதை வாசியுங்கோ

கனடா, லண்டன், சுவிஸ், பிரான்ஸ் எண்டு எங்க இருந்து போனாலும் ஊருக்கு போற ஆக்கள் ஒரு நாளாவது கடலுக்கு போகாம திரும்புறேல்ல. போங்கோ, ஆசை தீர குளியுங்கோ. ஆனா டிக்கெற் போடேக்கையே எந்த மாசம் போறம், அந்த மாசத்தில எந்த பக்க கடல் அடங்கி இருக்கும் எண்டதையும் சேத்து பாருங்கோ. இலங்கையை சுத்தி இருக்கிற கடல் வருசம் முழுக்க ஒரே குணத்தில இருக்காது.

மே கடைசில இருந்து செப்டெம்பர் மட்டும் தென்மேற்கு பருவக்காத்து, அதான் சோளகம். இந்த நேரம் நீர்கொழும்பு, கல்கிசை, ஹிக்கடுவை பக்கமெல்லாம் கடல் பெருத்து கிடக்கும். நல்லூர் திருவிழா, பிள்ளையளின்ர பள்ளிக்கூட லீவு எண்டு எங்கட சனம் போறதும் இதே ஜூலை ஆகஸ்ட்லதான். பிளேன் கட்டுநாயக்காவில இறங்கும், அலுப்புக்கு நீர்கொழும்பில ஒரு இரவு ஹொட்டல் போட்டிருப்பினம், பெரியாக்கள் படுத்து எழும்ப முதல் பிள்ளையள் பின்னேரம் கடலுக்க இறங்கிடுங்கள், அந்த முழு பயணத்திலயும் கூட ஆபத்தான கடல் அதுதான். அதே மாசத்தில நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா எல்லாம் குளம் மாதிரி கிடக்கும், ரெண்டு நாள் பொறுத்தா அங்க குளிக்கலாம்.

கிறிஸ்மஸ் லீவுக்கு போறவைக்கு இது அப்பிடியே தலைகீழ். ஐப்பசி கடைசில இருந்து தை முடியும் மட்டும் வாடைக்காத்து, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு பக்கம் கடல் சீறிக்கொண்டு நிக்கும். வங்காள விரிகுடாவில தாழமுக்கம் எண்டு வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிச்சா அந்த கிழமை கடற்கரை பிளானையே விடுங்கோ. 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் நாட்டுக்கு செய்ததை எல்லாரும் பாத்தனாங்கள். மழை விட்டு நல்ல வெயில் எறிச்சாலும் கடல் உடன அடங்காது, வெயிலை பாத்து ஏமாறாதேங்கோ.

இனி முக்கியமான விசயம். கனபேர் தாழுறது பெரிய அலை அடிச்சு இல்லை, வெளிய இழுக்கிற நீரோட்டத்தால. கரைக்கு ஓடி வந்த தண்ணி எல்லாம் எங்கயாவது ஒரு வழியால திரும்பி போகவேணும்தானே, அந்த வழில இழுவை பலமா இருக்கும். வெள்ளை நுரையா அலை உடையிற ரெண்டு இடத்துக்கு நடுவில ஒரு துண்டு மட்டும் அலை உடையாம, கொஞ்சம் கருமையா, அமைதியா தெரிஞ்சா அதுதான் அந்த இடமா இருக்கும். கஷ்டம் என்னெண்டா கடல் தெரியாத ஆக்களுக்கு அந்த துண்டுதான் குளிக்க நல்ல இடமா படும், சின்ன பிள்ளையளை அதிலதான் கொண்டுபோய் இறக்குவினம். இழுத்தா கரையை நோக்கி எதிர்நீச்சல் அடிச்சு களைக்காதேங்கோ. மல்லாந்து மிதந்து கையை தூக்கி கூப்பிடுங்கோ, ஏலுமெண்டா கரைக்கு சமாந்தரமா ஒரு பக்கம் நீந்தி இழுவையை விட்டு விலகின பிறகு கரைக்கு வாங்கோ. ரொறொன்ரோவில நீச்சல் குளத்தில மெடல் எடுத்த பிள்ளை எண்டாலும் இதை சொல்லிக்குடுத்து போட்டு இறக்குங்கோ.

சின்ன பிள்ளையள் எண்டா காரைநகர் கசூரினா, வேலணை சாட்டி மாதிரி ஆழம் குறைஞ்ச இடங்கள் பரவாயில்லை, அங்கயும் கண் எடுக்க வேண்டாம். முல்லைத்தீவு, மணல்காடு எல்லாம் திறந்த கடல், கரையில நிண்டு பாக்க வடிவுதான், இறங்கிறது வேற கதை. கீரிமலையில ஆடி அமாவாசைக்கு முழுகிறவை கேணியோட நிக்கிறது நல்லம், வெளிய முருகைக்கல்லு, அலை தூக்கி அடிச்சா உடம்பு கிழியும். நாயாறு, மட்டக்களப்பு முகத்துவாரம் மாதிரி களப்பு கடலோட சேர்ற வாயில எந்த மாசமும் குளிக்காதேங்கோ. அறுகம்குடா பக்கம் போறவை களப்புகளில முதலை இருக்கு எண்டதை மறக்கக்கூடாது, 2017 இல அங்க களப்புக் கரைக்கு போன பிரித்தானிய பத்திரிகையாளர் ஒருத்தரை முதலை கொண்டுபோனது. நிலாவெளிக்கு பக்கத்தில இருக்கிற புறாத்தீவுக்கு போட்ல போறீங்கள் எண்டா லைஃப் ஜக்கெற் கேட்டு வாங்கி போடுங்கோ, இல்லை எண்டா ஏறாதேங்கோ.

பாசிக்குடா, கல்கிசை மாதிரி இடங்களில உயிர்காப்பு பொலிஸ் நிப்பினம், சிவப்புக்கொடி கட்டி இருந்தா வாதாடாம திரும்புங்கோ. வடக்கில கனக்க கரைகளில கொடியும் இல்லை, காவலும் இல்லை. அங்க மீன்பிடி வாடியில வலை பொத்திக்கொண்டு இருக்கிறவரிட்ட "அண்ணை, இதில குளிக்கலாமே?" எண்டு கேளுங்கோ. அவர் "வேண்டாம் தம்பி, அங்கால போங்கோ" எண்டா அதுக்கு மேல பேச்சில்லை. பகல்லயும் வள்ளங்கள் எல்லாம் கரையில உயர இழுத்து விட்டு கிடந்தா கடல் சரியில்லை எண்டு அதுவே சொல்லும்.

பொம்பிளையள் சீலையோட, சல்வாரோட முழங்கால் தண்ணியில நிண்டு படம் எடுக்கிறது எனக்கு எப்பவும் நெஞ்சிடி. நனைஞ்ச துணி பாரம், சோல் காலில சுத்தினா எழும்ப ஏலாது. தண்ணி போட்டுட்டு கடலுக்க இறங்கிறதை பற்றி சொல்லவே தேவையில்லை, வாகனத்தில கூட வாற ஆராவது ஒருத்தர் துணிஞ்சு தடுக்கவேணும்.

ஒருத்தர் தாழுறார் எண்டா பின்னால பாஞ்சு போகாதேங்கோ, காப்பாத்த போன தேப்பனும் தமையனும் சேந்து போன வீடுகள் இருக்கு. வாகனத்தில கிடக்கிற அஞ்சு லீற்றர் தண்ணி போத்தலை வெறுமையாக்கி மூடி இறுக்கி எறியுங்கோ, அதை பிடிச்சு மிதக்கலாம். அதே நேரம் இன்னொராள் 1990க்கு அடிக்கட்டும், அம்புலன்ஸ் காசில்லாம வரும், பொலிஸுக்கு 119. கரைக்கு எடுத்தவுடன மூச்சில்லை எண்டா தலைகீழா தூக்கிறது, வயித்தை அமத்தி தண்ணி எடுக்கிறது ஒண்டும் வேண்டாம், வாயோட வாய் வச்சு மூச்சு குடுத்து நெஞ்சை அமத்துங்கோ. எழும்பி இருந்து கதைச்சாலும் தண்ணி குடிச்ச ஆளை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகத்தான் வேணும், மூச்சு முட்டு சில மணித்தியாலம் கழிச்சும் வரும்.