எபிரெயக் கவிதையை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வாசிப்புக் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் போன வாரம் தன் சங்கீதப் புத்தகத்தை, அதாவது பைபிளில் உள்ள எபிரெயப் பாடல்களின் தொகுப்பை, திறந்து காட்டினார். வசனத்துக்கு வசனம் நடுவில் பென்சிலால் ஒரு சமக்குறி. முதல் அடியும் இரண்டாம் அடியும் ஒன்றேதான் என்று அர்த்தம். எனக்குத் திக்கென்றது. இருபது வருஷத்துக்கு முன் என் புத்தகத்திலும் இதே குறிகள் இதே இடங்களில் இருந்தன. அவசரமாகப் படிப்பது, வரலாறு தெரியாமல் படிப்பது போன்ற எல்லாருக்கும் தெரிந்த தவறுகளை விட்டுவிட்டு மற்றவற்றைச் சொல்கிறேன்.

எதுகை தேடுவது

தேடாதீர்கள். அடிதோறும் ஒழுங்காக வரும் எதுகை அங்கே கிடையாது.

இரண்டாம் அடியைத் தாண்டிப் போவது

ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரைகளை ராபர்ட் லௌத் 1753-ல் லத்தீனில் நூலாக வெளியிட்டார். எபிரெயக் கவிதை இணை அடிகளால் நடக்கிறது என்பதைப் பலருக்கும் புரியவைத்தவர் அவர். அந்த இணைகளை ஒத்தவை, எதிரானவை, தொடர்பவை என்று மூன்றாகப் பிரித்தார். பின்னால் வந்த கையேடுகள் முதல் வகையைப் பிடித்துக்கொண்டு, 'ஒரே கருத்து, வேறு சொற்கள்' என்று சொல்லிக்கொடுத்தன. நானும் அப்படித்தான் கற்றேன். இரண்டு அடியை ஓர் அடியாகச் சுருக்கி எழுதியே இரண்டு நோட்டுகளை நிரப்பினேன்.

அந்தச் சுருக்கத்தை ஒரு கூட்டத்தில் வாசித்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்தார். "தம்பி, சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்னு பெண்கள் பாடினாங்களே. ரெண்டு அடியும் ஒண்ணுதான்னா சவுலுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்துச்சு?"

சவுல் அரசன், தாவீது அவனுடைய படைவீரன். என்னிடம் பதில் இல்லை. ஆயிரமும் பதினாயிரமும் எபிரெயக் கவிதையில் பழகிய ஜோடி; 91-ஆம் சங்கீதத்திலும் வரும். ஆனால் பெரிய எண் இரண்டாம் அடிக்குத்தான் போகும். அந்த ஏற்றம் சவுலின் காதில் விழுந்தது, என் காதில் விழவில்லை. இரண்டு வருஷக் குறிப்புகளை ஓரம் கட்டிவிட்டு முதல் சங்கீதத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.

அப்புறம்தான் பைபிளின் நியாயாதிபதிகள் நூலில் 5-ஆம் அதிகாரத்தில் உள்ள தெபோராளின் பாட்டு எனக்குத் திறந்தது. தோற்று ஓடிவந்த எதிரிப் படைத்தலைவன் சிசெரா தண்ணீர் கேட்கிறான், கூடாரத்துப் பெண் யாகேல் பால் கொடுக்கிறாள். அடுத்த அடியில் அது பிரபுக்களுக்கு உரிய கிண்ணத்தில் தயிராகக் கெட்டிப்படுகிறது. உபசாரம் கூடக்கூட ஆபத்தும் நெருங்குகிறது. அடுத்து அவள் கை கூடார முளைக்குப் போகிறது, வலது கை தொழிலாளியின் சுத்தியலுக்குப் போகிறது. இங்கே சமக்குறி போட்டால் ஆயுதத்தில் பாதி காணாமல் போய்விடும்.

அவன் விழும் இடத்தை எபிரெயத்திலேயே பாருங்கள். காரா, நாஃபல், ஷாகாவ்: மடங்கினான், விழுந்தான், கிடந்தான். மறுபடியும் காரா, நாஃபல். மூன்றாம் முறை, எங்கே மடங்கினானோ அங்கே விழுந்தான், ஷாதூத். அழிந்துபோனவன் என்று அர்த்தம். 'கிடந்தான்' வந்திருக்க வேண்டிய இடத்தில் இந்தப் புதுச் சொல் வந்து அடியை முடிக்கிறது. உடனே அடுத்த வசனத்தில் அவனுடைய தாய் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, ரதம் வர ஏன் இவ்வளவு தாமதம் என்று புலம்புகிறாள்.

இதைப் படித்துவிட்டும் 'வலியுறுத்துவதற்காகத் திரும்பச் சொல்கிறார்' என்று யாராவது எழுதினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. இரண்டாம் அடியில் எண் ஏறியதா, பொதுச்சொல் குறிப்பான பொருளாக மாறியதா, காலம் ஒரு படி நகர்ந்ததா என்று பாருங்கள். ஒன்றுமே மாறவில்லை என்று தோன்றினால் இன்னொரு தரம் வாய்விட்டுப் படியுங்கள்.

'ஆத்துமா'வை அப்படியே எடுத்துக்கொள்வது

69-ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தில் வெள்ளம் 'ஆத்துமாமட்டும்' பெருகிவருகிறது. தமிழில் படிக்கும்போது மனத்துயரம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவோம். மூலச்சொல் நெஃபெஷ். உயிர், மூச்சு என்ற பொருள்களோடு தொண்டை என்ற பொருளும் அதற்கு உண்டு. பாடுகிறவர் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார். கால் சேற்றில் புதைகிறது, நிற்க நிலையில்லை. ஓரிரு அடிகள் தள்ளி, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோயிற்று என்கிறார். சுற்றிலும் தண்ணீர், தொண்டையோ வறட்சி. 'ஆத்துமா' என்று மட்டும் படித்தால் இந்த முரண் கையை விட்டுப் போய்விடுகிறது.

சேலாவுக்கு விளக்கம் எழுதுவது

சில அடிகளின் முடிவில் தனியாக நிற்கும் எபிரெயச் சொல் இது. சங்கீதங்களில் 71 முறை வருகிறது. அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. விட்டுவிடுங்கள்.

அகரவரிசையை வெறும் அலங்காரம் என்பது

119-ஆம் சங்கீதத்தில் ஆலெப், பேத் என்று எபிரெய எழுத்துகளைத் தலைப்பாகவே அச்சிட்டிருப்பதால் எல்லாருக்கும் தெரியும்: 22 எழுத்துகள், ஒவ்வோர் எழுத்துக்கும் அதில் தொடங்கும் எட்டு வசனம், மொத்தம் 176. புலம்பல் என்ற பைபிள் நூலில்தான் இதைப் பலர் கவனிப்பதில்லை. பாபிலோனியர் எருசலேமை அழித்ததைப் பாடும் அந்த நூலில் 1, 2, 4 அதிகாரங்கள் எழுத்துக்கு ஒரு வசனமாக 22 வசனங்களில் நடக்கின்றன. மூன்றாவதில் எழுத்துக்கு மூன்று, ஆக 66. நகரமே சிதைந்து கிடக்கும்போதும் கவிதை எழுத்து எழுத்தாக வரிசை பிடித்து அழுகிறது.

ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனங்கள்தான், ஆனால் எழுத்து வரிசை இல்லை. அதன் கடைசி அடி, தேவன் எங்களை முற்றிலும் தள்ளிவிட்டாரோ என்ற இடத்தில் நிற்கிறது. எருசலேம் ஆலயங்கள் இடிந்ததை நினைத்து யூத நாட்காட்டியின் ஆப் மாதம் ஒன்பதாம் நாள் ஜெப ஆலயத்தில் இதை வாசிக்கும் யூதர்கள் அங்கே முடிப்பதில்லை. ஒரு வசனம் பின்னால் போய், 'எங்களை உம்மிடம் திருப்பிக்கொள்ளும்' என்ற 21-ஆம் வசனத்தை மறுபடியும் ஒரு தரம் சொல்லி முடிக்கிறார்கள்.