வீட்டுக்குள் விறகு அடுக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு வேலை நடக்கும். கொல்லையில் கிடக்கிற விறகை மழைக்கு முன்னால் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். கேஸ் அடுப்பு வந்து எத்தனையோ வருஷமாகியும் வெந்நீர் போட, நெல் அவிக்க, விசேஷத்துக்குப் பெரிய பாத்திரம் ஏற்ற விறகுதான். சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் அன்றாடச் சமையலும் விறகடுப்புக்குத் திரும்பிவிடுகிறது. அந்த விறகோடு சேர்ந்து வேறு என்னென்ன வீட்டுக்குள் வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. அம்மாவைத் தேள் கொட்டுகிற வரைக்கும் நானும் யோசித்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை. மூன்று நாளாக விடாத மழை. சாயங்காலம் மின்சாரமும் போய்விட்டது. மாடிப்படிக்கு அடியில் குவித்து வைத்திருந்த விறகில், இருட்டில் கையை விட்டு நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவினார் அம்மா. மோதிர விரலில் சுரீரென்று கொட்டியது. அந்த ராத்திரி ஆஸ்பத்திரியில் போனது. மறுநாள் நான் அந்தக் குவியலை முழுசாகப் பிரித்தேன். மேல் இரண்டு அடுக்கு அந்த வருஷத்துக் கருவேல விறகு. அதற்குக் கீழே போன வருஷத்துது. அதற்கும் கீழே, எப்போது வந்தது என்று வீட்டில் யாருக்குமே தெரியாத புளியங்கட்டைகள். பட்டையை நெம்பினால் ஒவ்வொன்றின் அடியிலும் ஈரம். ஐந்து தேள், இரண்டு பூரான், பழைய சேலையைக் கடித்துத் துணுக்காக்கி எலி கட்டியிருந்த கூடு. சுவரோரமாக விரல் அகலத்தில் ஒரு மண்கோடு தரையிலிருந்து கிளம்பி, கட்டைகளின் மறைவிலேயே ஏறி, கதவு நிலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரையான்.

இவ்வளவும் அந்த வருஷம் விறகோடு வந்தவை அல்ல. வருஷக்கணக்கில் யாரும் அசைக்காத, இருட்டான, ஈரம் பிடித்த ஒரு இடத்தை நாங்களே உண்டாக்கிக் கொடுத்திருந்தோம். பெரும்பாலான வீடுகளில் நடக்கிற தவறு இதுதான். மற்றவை எல்லாம் இதன் கிளைகள்.

மொத்தத்தையும் உள்ளே கொண்டுவருவது

மழைக்காலம் முழுமைக்கும் தேவையான விறகை ஒரே நாளில் உள்ளே அடுக்கிவிட்டால் நிம்மதி என்று தோன்றும். ஆனால் வீட்டுக்குள் இருக்க வேண்டியது மூன்று நாள் விறகு, அடைமழை என்றால் ஒரு வாரத்து விறகு, அவ்வளவுதான். மீதி வெளியே, கூரை போட்ட கொட்டகையிலோ தாழ்வாரத்துக்கு அப்பாலோ இருக்கட்டும். உள்ளே இருப்பது தீரத் தீர வெளியிலிருந்து எடுத்து வர வேண்டும். இப்படிச் செய்தால் உள்ளே இருக்கிற எந்தக் கட்டையும் ஒரு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் கிடக்காது. தேளும் எலியும் குடியேறிப் பெருக அந்த அவகாசம் போதாது.

இதிலேயே இன்னொரு பிழை இருக்கிறது. புது விறகு வந்ததும் பழையதன் மேலேயே போட்டுவிடுவோம். எடுக்கும்போதும் மேலிருந்தே எடுப்போம். அடியில் கிடப்பது அடியிலேயே கிடக்கும். ஒரு அடுக்கு முழுசாகத் தீர்ந்து, தரை தெரிந்து, அங்கே கூட்டிப் பெருக்கிய பிறகுதான் அடுத்தது உள்ளே வர வேண்டும். இடம் இருந்தால் இரண்டு அடுக்காக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் தீர்க்கலாம்.

எங்கே அடுக்குகிறோம் என்பதும் முக்கியம். கட்டிலுக்கு அடியில், ஆள் படுக்கிற அறையின் மூலையில், மாடிப்படிக்கு அடியில் விறகு வைக்கவே கூடாது. இதை மட்டுமாவது மாற்றுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தரையில் பாய் விரித்துப் படுக்கிற வீடு என்றால் ரொம்பவே கவனம் வேண்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஈர விறகும் உரிக்காத பட்டையும்

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் நன்றாக எரியும், புகை குறையும். பூச்சிகளுக்கும் அந்த ஈரம்தான் வேண்டும். மரவட்டை, கரப்பான், பூரான் எல்லாம் ஈரத்தைத் தேடி வருபவை. அவற்றைத் தின்னத் தேளும் பல்லியும் வரும். எலி வந்தால் பாம்பு வரும். ஆக, ஈர விறகை உள்ளே வைப்பது ஒரு பந்திக்கே இலை போடுகிற மாதிரி.

மாசி, பங்குனியில் விறகு வாங்கி, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, சித்திரை வைகாசி வெயிலில் கிடத்திவிட்டால் எங்கள் பக்கம் அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. உருட்டுக் கட்டையாகவே காயவைத்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். பட்டை தளர்ந்திருந்தால் அரிவாளின் முதுகால் தட்டி உரித்துவிட வேண்டும். பூச்சி ஒளிவதும் முட்டையிடுவதும் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில்தான். காய்ந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும், ஈரமுள்ளது ‘தொப்’ என்று அடங்கிவிடும். வெட்டுவாயில் நடுவிலிருந்து கீறல் கீறலாக வெடித்திருந்தால் அதுவும் நல்ல அடையாளம்.

வெளியே அடுக்கியிருப்பதைத் தார்ப்பாயால் தரை வரை போர்த்தி, நாலு பக்கமும் கல் வைத்துவிடுகிறார்கள். மழை உள்ளே போகாது, சரி. ஆனால் உள்ளே இருக்கிற ஈரமும் வெளியே வராது. மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும்.

உரிமட்டை, பன்னாடை, பாளை, பனைமட்டை இவற்றையும் தனியாகச் சொல்ல வேண்டும். தேங்காய் மட்டையின் குழிவு தேளுக்கென்றே செய்து வைத்தது போல இருக்கும். இவற்றை வீட்டுக்குள் சேர்த்து வைக்காமல், அன்றன்றைக்குத் தேவையானதை வெளியிலேயே தட்டி உதறிக் கொண்டுவருவது நல்லது. சாக்கில் கட்டி வைப்பதும் வேண்டாம், சாக்கே மறைவிடமாகிவிடும்.

தரையிலும் சுவரிலும் முட்டவைப்பது

விறகோடு நாலு கரையான் உள்ளே வந்துவிட்டதே என்று பதறுகிறவர்கள் உண்டு. மண்ணில் புற்று வைக்கிற கரையான் தன் புற்றையும் ஈரத்தையும் விட்டுப் பிரிந்தால் அதிக நாள் தாங்காது. கட்டையில் ஒட்டி வந்த சிலவற்றால் வீடு அரிக்கப்படாது. ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. தரை வெடிப்பு வழியாக, சுவரின் அடிவாரத்திலிருந்து மேலே வருகிற கரையானுக்கு, தரையிலும் சுவரிலும் முட்டி நிற்கிற விறகுக் குவியல் ஒரு பாலம். வெறும் சுவரில் மண்கோடு ஏறினால் ஒரு நாளிலேயே கண்ணில் பட்டுவிடும், சுரண்டி எறிந்துவிடலாம். விறகுக்குப் பின்னால் ஏறினால் நிலையும் சன்னலும் போன பிறகுதான் தெரியும்.

அதனால் தரையிலிருந்து முக்கால் அடியாவது உயர்த்த வேண்டும். ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம் செய்துகொண்டால் நல்லது. இல்லையா, நாலு சிமென்ட் கல்லை வைத்து மேலே கடப்பைக் கல் போட்டாலும் போதும். மரச் சட்டம் மட்டும் வேண்டாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கணக்கு எளிது: அடுக்குக்கு அடியிலும் பின்னாலும் விளக்குமாறு தாராளமாக நுழைய வேண்டும். வாரம் ஒரு தடவை கூட்டும்போது பின்சுவரை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கரையானைவிட நான் அதிகம் பயப்படுவது பொடி உதிர்க்கிற வண்டுக்கு. கட்டையில் ஊசி குத்தினாற்போல ஓட்டைகள், அடியில் கோதுமை மாவு போல மெல்லிய பொடி. இது மண்ணை நம்பி வாழ்வதில்லை. காய்ந்த கட்டையிலிருந்து பறந்து போய் மூங்கில், மாமரம், ரப்பர் மரத்தில் செய்த சாமான்களில் முட்டையிடும். பாலிஷோ பெயின்டோ அடிக்காத வெறும் மரத்தைத்தான் அது தேடும். மாவுக்குப் பதிலாகக் கசகசா போலக் கெட்டியான குருணை கொட்டிக் கிடந்தால் அது காய்ந்த மரத்திலேயே குடியிருக்கிற இன்னொரு வகைக் கரையான், அதற்கும் மண் தேவையில்லை. இரண்டில் எதைக் கண்டாலும் அந்தக் கட்டையை உள்ளே கொண்டுவரவே வேண்டாம். அன்றே எரித்துவிடுங்கள்.

விறகின் மேல் மருந்து அடிப்பது

இதைச் செய்யவே கூடாது. கரையான் மருந்து, எறும்புப் பொடி, கரப்பான் ஸ்பிரே எதுவானாலும் விறகில் பட்டால் கடைசியில் அடுப்பில் எரிந்து, சோறு பொங்குகிறவர் மூச்சில்தான் போகும். பட்டைக்கு அடியில் இருக்கிற பூச்சியை அது தொடுவதும் இல்லை. நாப்தலீன் உருண்டையும் மண்ணெண்ணெயும் எளிதில் தீப்பற்றுபவை, விறகுக்குப் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் துண்டு, தார் பூசிய கம்பம் ஆகியவையும் எரிக்கத் தகாதவை. வேலியோரம் வெட்டிய அரளியும் அப்படித்தான். அதன் புகையே விஷம்.

பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி அதில் விறகு வைத்தார்கள். தினமும் புகையும் சூடும் ஏறுவதால் அங்கே ஈரமும் நிற்காது, பூச்சியும் தங்காது. நல்ல ஏற்பாடு. ஆனால் பொறி பறக்கிற உயரத்தில் இருந்தால் தீ பிடிக்கும். ஒட்டடையும் கரியும் சேரச் சேர அந்த அபாயம் கூடும். அடுப்பின் வாயருகே ஈர விறகைச் சாய்த்துக் காயவைத்துவிட்டு அப்படியே படுக்கப் போவதும் இதே ஆபத்துதான்.

கையை உள்ளே விடுவது

அம்மா செய்தது இதைத்தான். நடுவிலிருந்து உருவக் கூடாது. மேலிருந்து எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் ஒரு கம்பால் அடுக்கை நாலு தட்டுத் தட்டி, ஒரு நிமிஷம் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்துத் தொட வேண்டும். வெளியிலிருந்து உள்ளே கொண்டுவருகிற ஒவ்வொரு கட்டையையும் வாசலுக்கு வெளியே தரையில் இரண்டு தடவை தட்டுங்கள். கை நிறைய மார்போடு அணைத்துத் தூக்கி வராமல் கூடையில் போட்டு வாருங்கள். புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் வசதி. அந்த வெளிச்சத்தில் தேளின் உடம்பு பச்சை நீலமாக ஒளிரும், வெளிச்சம் படுகிற இடத்தில் இருந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

தேள் கொட்டினால், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, அதிக வியர்வை, வாந்தி, கைகால் சில்லிடுவது என்று ஏதாவது தெரிந்தால் நேரம் கடத்தவே கூடாது. செந்தேள் விஷம் இதயத்தைத் தாக்கும். அதற்குப் பிரசோசின் என்ற மாத்திரை உயிர் காக்கிறது என்று மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் காட்டியிருக்கிறார். மந்திரிப்பதில் போகிற ஒரு மணி நேரம் பெரிய நஷ்டம்.

படுக்கிற அறையில் விறகு வேண்டாம் என்றேன் அல்லவா, காரணம் கட்டுவிரியன். அது ராத்திரியில் நடமாடும். எலி, பல்லி, சின்னப் பாம்புகளைத் தேடி வீட்டுக்குள் வரும். கடித்தால் பல நேரம் வலியே தெரியாது, பல் பட்ட தடமும் சரியாகத் தெரியாது. தரையில் தூங்கிக்கொண்டிருந்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்து, இமை தொங்கி, பேச்சுக் குழறி, மூச்சு முட்டிய பிறகுதான் பாம்பு என்ற நினைப்பே வரும். கட்டுப் போடாமல், கீறாமல், உடம்பை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2024-இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகவே ஆக்கிவிட்டது.

புதரிலிருந்து நேராக விறகு பொறுக்கி வருகிறவர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் வரலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சி கடிப்பதால் வருவது அது. மழை முடிந்த குளிர் மாதங்களில் அதிகம். விறகு எடுத்து வந்ததும் குளித்து உடுப்பை மாற்றிவிடுங்கள். பத்து நாளில் காய்ச்சல் கண்டு, உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டது போலக் கருப்புப் பொருக்கு இருந்தால், ‘விறகுக்குப் போயிருந்தேன்’ என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகும்.

இப்போது எங்கள் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒன்றும் இல்லை. பின்தாழ்வாரத்தில் இடுப்பளவு இரும்புச் சட்டம், அதில் மூன்று நாள் விறகு, பக்கத்து ஆணியில் டார்ச். கொட்டகையில் அடுக்கைப் பிரிக்கிற அன்று அம்மா முதலில் கோழிகளைத் திறந்துவிடுகிறார். கட்டை நகர நகர அவை பின்னாலேயே கிளறிக்கொண்டு வருகின்றன. பூரானோ தேளோ வெளியே வந்தால் நாங்கள் பார்ப்பதற்குள் கொத்தித் தின்றுவிடுகின்றன.