தையல் கடையில் கைசென்: முதல் வாரம் என்ன செய்யலாம்?

கைசென் என்றால் சின்னச் சின்ன மாற்றங்களால் வேலையைத் தொடர்ந்து மேம்படுத்தும் ஜப்பானிய முறை. டொயோட்டா கார் தொழிற்சாலையில் வளர்ந்தது என்பதால் அது பெரிய கம்பெனிகளுக்குத்தான் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் டொயோட்டாவின் வேரே தறியில் இருக்கிறது. டொயோட்டா குழுமத்துக்கு அடித்தளமிட்ட சகிச்சி டொயோடா 1924-இல் உருவாக்கிய 'ஜி' வகைத் தறி, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். அதனால் இரண்டு மிஷின், ஒரு கட்டிங் மேஜை உள்ள என் அக்கா கடைக்கும் இது பொருந்தும் என்று நம்பி இறங்கினோம்.

1. ஒரு நாள் சும்மா பாருங்கள்

டொயோட்டாவின் உற்பத்தி முறையை வடிவமைத்த பொறியாளர் டைச்சி ஓனோ தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள் நின்று வேலையைக் கவனிக்கச் சொல்வாராம். நாங்கள் ஒரே ஒரு ஜாக்கெட்டைப் பின்தொடர்ந்தோம். வெட்டிய, தைத்த, கொக்கி வைத்த நேரம் நோட்டில் ஒரு பக்கம். தேடிய, காத்திருந்த, பிரித்த நேரம் மறுபக்கம். இஞ்ச் டேப் எங்கே, மேட்சிங் நூல் எங்கே, லைனிங் வாங்கப் போனவர் எப்போது வருவார்? மறுபக்கம்தான் நிரம்பியது. இந்த வீணுக்கு ஜப்பானில் 'முடா' என்று பெயர். ஓனோ அதை ஏழாகப் பிரித்தார். ஆரம்பத்தில் காத்திருப்பு, வீண் நடை, பிழை மூன்றையும் கவனித்தால் போதும். வேகமாகத் தைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம், முதுகுதான் வலிக்கும்.

2. ஒரு தொல்லையை எடுத்து 'ஏன்' கேளுங்கள்

ஒரு ஜாக்கெட் கை பிடிக்கிறது என்று திரும்பி வந்தது. ஏன்? கைச்சுற்றளவைக் குறைத்து வெட்டியிருந்தோம். ஏன்? நோட்டில் இருந்தது பழைய அளவு. ஏன்? புது அளவைத் துண்டுச் சீட்டில் எழுதினோம், சீட்டு தொலைந்துவிட்டது. ஏன் சீட்டில்? அளவு எடுப்பது வாசல் பக்கம், நோட்டு இருப்பது உள்ளே மேஜையில். சரி, நோட்டையே வாசல் பக்கம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். செலவு ஒன்றுமில்லை. இதில் 'யார் எழுதியது?' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அப்படிக் கேட்டிருந்தால் உதவிக்கு வரும் பெண் வாயே திறந்திருக்க மாட்டார்.

3. கைக்கு எட்டும் இடம்

கத்தரிக்கும் இஞ்ச் டேப்புக்கும் சுவரில் தனித்தனி ஆணி. வேலை முடிந்ததும் அங்கேயே மாட்ட வேண்டும்.

4. தீரும் முன் சொல்லும் அட்டை

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் எடுத்த அளவுக்கு மட்டும் திரும்ப அடுக்குவதிலிருந்துதான் 'கான்பன்' யோசனை, அதாவது பொருள் தேவை என்று அட்டை வைத்துச் சொல்லும் முறை, ஓனோவுக்குக் கிடைத்தது. நீங்கள் கடைசி இரண்டு கொக்கி பாக்கெட்டுகளை ஒரு அட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போடுங்கள். அதைப் பிரிக்கிறவர் அட்டையை வாசல் ஆணியில் மாட்டட்டும். கடைவீதிக்குப் போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போனால் சரி.

5. ஒரு வாரம் கழித்து

மறுபடியும் ஒரு ஜாக்கெட்டைப் பின்தொடருங்கள். மறுபக்கம் குறையவில்லை என்றால் அந்த மாற்றத்தைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். குறைந்திருந்தால் அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த தொல்லைக்குப் போங்கள். நாங்கள் அடுத்து லைனிங்கை எடுத்தோம். இப்போது துணியை வாங்கி வைக்கும்போதே நிறம் பார்த்து நோட்டில் எழுதிவிடுகிறோம்.