பிள்ளையைப் பேச வைப்பதில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பாலர் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரும் பெற்றோரிடம் நான் அதிகம் காணும் தவறு, வீட்டில் தமிழையே நிறுத்திவிடுவது. முதலாம் ஆண்டில் மலாயிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கக் கூடாது என்ற கவலை. இரண்டு மொழி காதில் விழுந்தால் பிள்ளை குழம்பிவிடும் என்ற பயம்.

குழம்பாது. "அம்மா, பாசாருக்குப் (சந்தைக்கு) போகலாம்" என்று மூன்று வயதுப் பிள்ளை சொல்வதைக் கவனியுங்கள். மலாய்ப் பெயர்ச்சொல்லின் பின்னால் தமிழின் நான்காம் வேற்றுமை உருபு பிசகாமல் வந்து ஒட்டுகிறது. அந்தப் பிள்ளைக்கு யாரும் வேற்றுமைப் பாடம் நடத்தவில்லை. கலந்து பேசுகிறதே என்று நாம் வருந்தும் இடத்தில்தான் இலக்கணம் வேலை செய்கிறது.

தமிழை நிறுத்துவதால் வரும் சேதம் வேறு. பல தாய்மார்களுக்கு மலாயில் கடைக்காரரிடம் விலை கேட்கத் தெரியும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தேற்ற வராது, மழையில் நனைந்த கோழியைப் பற்றிக் கதை கட்ட வராது. வீட்டில் பேச்சே சுருங்கிப்போகிறது. தமிழும் இல்லாமல் மலாயும் நிரம்பாமல் பிள்ளை என்னிடம் வரும்போது மனம் வலிக்கிறது. உங்களுக்கு எந்த மொழி தாராளமாக வருமோ அதிலேயே பேசுங்கள்.

கைப்பேசியை ஆசிரியராக நம்புவது அடுத்த தவறு. அமெரிக்க ஆய்வாளர் பாட்ரிசியா குல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீன மாண்டரின் பேசுபவர்கள் நேரில் அமர்ந்து கதை சொல்லி விளையாட்டுக் காட்டினார்கள். வேறு சில குழந்தைகள் அதே ஆட்களைத் திரையில் பார்த்தார்கள். நேரில் கேட்டவர்கள் அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டார்கள். திரையில் பார்த்தவர்கள் ஒன்றும் கற்கவில்லை. செம்பனை ஆலையில் ஷிப்ட் முடித்து வருபவர்களுக்கு ஓய்வு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கைக்குழந்தைக்கு வீடியோ மொழி கற்றுத்தரும் என்று எண்ண வேண்டாம்.

"அப்பா சொல்லு, பிஸ்கட் தருகிறேன்" என்ற பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கிளந்தானில் பெரோக் குரங்கைத் தேங்காய் பறிக்கப் பழக்குகிறார்கள். சொன்ன கட்டளைக்கு அது கீழ்ப்படிகிறது. அது பயிற்சி. பயிற்சியால் மொழி வருமா என்று பார்க்க, 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் டெரஸ், நிம் என்ற சிம்பன்சிக்குச் சைகை மொழி கற்பித்தார். நிம் நூற்றுக்கு மேற்பட்ட சைகைகளைக் கற்றது. ஆனால் அது செய்த மிக நீளமான தொடர் இதுதான்: "கொடு ஆரஞ்சு எனக்கு கொடு சாப்பிடு ஆரஞ்சு எனக்கு சாப்பிடு ஆரஞ்சு கொடு எனக்கு சாப்பிடு ஆரஞ்சு கொடு எனக்கு நீ." பதினாறு சைகைகள், ஒரே ஆசை. படச்சுருள்களைத் திரும்பப் பார்த்தபோது, பெரும்பாலும் ஆசிரியர் செய்ததையே அது திருப்பிச் செய்தது தெரிந்தது என்று 1979இல் டெரஸ் எழுதினார்.

விலங்குகளுக்கு ஒன்றும் புரியாது என்பதும் தவறுதான். சேசர் என்ற நாய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளைப் பெயர் சொன்னால் எடுத்துவந்தது. கான்ஸி என்ற பொனபோ வகை மனிதக் குரங்கு, சொற்களுக்குப் பதிலாகக் குறியீடுகளைச் சுட்டிக்காட்டும்படி தன் வளர்ப்புத் தாய்க்கு நடந்த பாடத்தை அருகில் விளையாடிக்கொண்டே கற்றது, தாய்தான் தேறவில்லை. கான்ஸிக்கு ஆங்கிலப் பேச்சும் ஓரளவு புரிந்தது. ஆனாலும் அது குறியீடுகளால் சொன்னவற்றில் பெரும்பாலானவை கேட்டு வாங்குபவையே.

நம் பிள்ளையோ எதுவும் கேட்காமலே "அதோ நிலா" என்று காட்டுகிறது, நாமும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே. பிஸ்கட்டுக்குப் பேசப் பழக்கினால் அந்தப் பிள்ளையிடம் நாம் வளர்ப்பது எதை? அது காட்டியதைப் பார்த்து, பதில் சொல்லி, அதன் மறுமொழிக்குக் காத்திருங்கள்.

ஒவ்வொரு பிழையையும் நிறுத்தித் திருத்தவும் வேண்டாம். ஆங்கிலேயக் குழந்தைகள் 'போனேன்' என்று சொல்ல 'வென்ட்' (went) என்பதற்குப் பதிலாக 'கோட்' (goed) என்பார்கள். பெரியவர்கள் அப்படிச் சொல்வதில்லை. பிள்ளையே விதியைக் கண்டுபிடித்து நீட்டிவிட்டது. சரியான வடிவத்தை உங்கள் பதிலில் இயல்பாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

கடைசித் தவறு, காத்திருப்பது. "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்", "இரண்டு மொழி வீடு, அதனால் தாமதம்" என்று மாதங்களைக் கடத்துகிறோம். ஒரு வயதில் மழலையும் விரல் நீட்டிக் காட்டுவதும் இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா" போல இரண்டு சொற்கள் சேரவில்லை, அல்லது வந்த பேச்சு நின்றுவிட்டது என்றால் அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். சொற்களை எண்ணும்போது எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். லாரிச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பது போதாது. கனத்த சத்தம் கேட்டும் 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் காதில் விழாத பிள்ளைகள் உண்டு.