டிஆர்எஸ்-80 மாடல் 100-ஐ இன்றைய பாகங்களில் கட்டுவது எப்படி

1983-இல் டேண்டி நிறுவனம் தன் ரேடியோ ஷாக் கடைகளில் விற்ற மாடல் 100 என்ற கையில் எடுத்துச் செல்லும் கணினியைத் தயாரித்தது ஜப்பானின் கியோசெரா. 30 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமன், 1.4 கிலோ எடை. 2.4 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 80சி85 சிப், வரிக்கு 40 எழுத்தாக 8 வரி காட்டும் திரை, அதிகபட்சம் 32 கிலோபைட் நினைவகம். நான்கு டபுள் ஏ செல்லில் சுமார் 20 மணி நேரம் ஓடும். சுவிட்சைப் போட்ட கணமே தயார். அணைத்தாலும் எழுதியது அப்படியே இருக்கும். நிருபர்கள் இதில் செய்தி அடித்து, உள்ளேயே இருந்த 300 பாட் (வேக அளவு) மோடம் மூலம் தொலைபேசி வழியாக அலுவலகத்துக்கு அனுப்பினார்கள்.

மறுபடி கட்டும்போது காப்பாற்ற வேண்டியது அந்த உடனடித்தன்மையை. பழைய பெட்டி மாதிரி ஒன்றைச் செய்து உள்ளே லினக்ஸ் ஓடும் பலகையை வைத்தால், பூட் ஆகும்வரை காத்திருக்க வேண்டும், திடீரென்று அணைத்தால் கார்டு கெடும், செல்லும் சீக்கிரம் தீரும். அதனால் ராஸ்பெர்ரி பை பிக்கோ போன்ற மைக்ரோகன்ட்ரோலரே (ஒரே நிரலை நேரடியாக ஓட்டும் சிறு சிப்) சரி.

முதலில் திரை. 240×64 புள்ளி கிராஃபிக் எல்சிடி வாங்குங்கள். அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப் டி6963சி அல்லது அதற்கு ஈடான ஆர்ஏ6963 ஆக இருக்கட்டும். 6×8 புள்ளி எழுத்தில் சரியாக 40 எழுத்து, 8 வரி வரும். எழுத்தின் அளவைத் தீர்மானிக்கும் எஃப்எஸ் பின்னை 5 வோல்ட்டில் கட்ட வேண்டும். கிரவுண்டில் (0 வோல்ட்) கட்டினால் எழுத்து 8×8 ஆகி வரிக்கு 30 எழுத்துதான் நிற்கும். வரிகள் குழம்பித் தெரிந்தால் முதலில் இந்தப் பின்னைப் பாருங்கள்.

இந்தத் திரை 5 வோல்ட், பிக்கோ 3.3 வோல்ட். பிக்கோவின் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்காது. எழுதும்போது சிக்கல் இல்லை, திரையின் நிலையைத் திருப்பிப் படிக்கும்போதுதான் ஆபத்து. எட்டு டேட்டா கம்பிகளுக்கும் நடுவே வோல்ட் அளவை மாற்றித் தரும் ஒரு 74எல்விசி8டி245 சிப் வையுங்கள்: ஏ பக்கம் 3.3, பி பக்கம் 5. அதன் திசைப் பின்னைத் திரையின் ஆர்டி (படிக்கச் சொல்லும்) கம்பியோடு இணைத்தால் திசை தானாக மாறும். ஆர்டியைத் தாழ்த்தும் முன்பே பிக்கோவின் டேட்டா பின்களை உள்ளீடாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே கம்பியில் மோதும்.

ஒவ்வொரு கட்டளைக்கு முன்பும் நிலையின் முதல் இரண்டு பிட்டுகளும் ஒருசேர 1 ஆகும்வரை காத்திருக்க வேண்டும். எழுதும் துடிப்பு குறைந்தது 80 நானோவிநாடி. படிக்கும்போது டேட்டா வர 150 வரை ஆகும். பிக்கோவின் 125 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 8 நானோவிநாடிதான் என்பதால், எழுதும்போது 10 சுழற்சி, படிக்கும்போது 20 சுழற்சி தாமதம் வையுங்கள். இதை விட்டால் திரை முழுக்கக் குப்பை எழுத்து வரும்.

திரையில் ஒன்றுமே தெரியவில்லையா? பெரும்பாலும் கான்ட்ராஸ்ட்தான். அந்தத் திருகைப் பெட்டிக்கு வெளியே, மாடல் 100-இல் இருந்தது போலப் பக்கவாட்டில் வையுங்கள்; வெயிலில் ஒரு அளவு, இரவில் ஒரு அளவு தேவைப்படும். தமிழில் எழுதப் போகிறவர்களுக்கு: நம் எழுத்து 6×8-க்குள் அடங்காது. கிராஃபிக் முறையில் 16 புள்ளி உயரம் கொடுங்கள். 4 வரி கிடைக்கும்.

பின் கணக்கு: திரைக்கு 12 போய்விடும். 8 வரிசை, 8 நெடுவரிசையாகக் கட்டும் கீபோர்டுக்கு 16 சேர்த்தால் 28. பிக்கோவில் இருப்பதோ 26. எனவே கீபோர்டை எம்சிபி23017 என்ற பின் விரிவாக்கச் சிப்பில் கட்டுங்கள், இரண்டு கம்பியில் முடியும். அந்தச் சிப்பில் ஜிபிஏ7, ஜிபிபி7 என்ற பின்கள் இரண்டையும் உள்ளீடாகப் பயன்படுத்தக் கூடாது. ஆகவே 9 வெளியீடு, 7 உள்ளீடு: 63 விசை. இன்னும் வேண்டுமென்றால் பிக்கோவின் காலிப் பின் ஒன்றை வெளியீடாகச் சேர்த்தால் 70.

விசைக்கு ஒரு 1என்4148 டயோடு. உள்ளீடுகளுக்குச் சிப்பின் உள்ளேயே இருக்கும் 100 கிலோஓம் புல்-அப் (விசை அழுத்தாதபோது பின்னை உயர்வில் வைக்கும் ரெசிஸ்டர்) போதும், வெளியே 10 கிலோஓம் போடாதீர்கள். இந்தச் சிப் 3.3 வோல்ட்டில் ஓடும்போது 0.66-க்குக் கீழே போனால்தான் ‘தாழ்வு’ என்று எடுத்துக்கொள்ளும். மின்னோட்டம் கூடினால் டயோடில் விழும் வோல்ட்டே அந்த எல்லையைத் தொட்டு, விசை சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது.

இனி நினைவகம். இந்தக் கருவியின் உயிர் இதில்தான் இருக்கிறது. பிக்கோவின் ஃப்ளாஷில் ஒவ்வொரு எழுத்தையும் சேமிக்க முடியாது: 4096 பைட்டை மொத்தமாக அழித்துத்தான் எழுத வேண்டும், அழிப்புக்கும் சுமார் ஒரு லட்சம் தடவை என்று வரம்பு. எம்பி85ஆர்சி256வி என்ற எஃப்ரேம் (மின்சாரம் இல்லாமலும் மறக்காத நினைவகம்) சிப்பை கீபோர்டு இருக்கும் அதே இரண்டு கம்பியில் சேருங்கள். அளவு 32 கிலோபைட், மாடல் 100-இன் உச்ச அளவேதான். விசை அழுத்திய உடனே எழுத்தை இதில் எழுதிவிடுங்கள். மின்சாரம் போனாலும் எதுவும் போகாது.

ஆனால் 30,000 எழுத்துக் கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு எழுத்தைச் செருகினால்? எல்லாவற்றையும் தள்ள, 400 கிலோஹெர்ட்ஸில் ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அதனால் கர்சர் நிற்கும் இடத்திலேயே காலியிடத்தைத் திறந்து வையுங்கள்; கர்சர் ஒரு எழுத்து நகர்ந்தால் ஒரு பைட் மட்டும் காலியிடத்தின் மறுபக்கம் போகும். முதலில் எழுத்து, பிறகு காலியிடத்தின் எல்லை எண் என்ற வரிசையில் எழுதுங்கள். எல்லை எண் இரண்டு பைட், நடுவில் மின்சாரம் போகலாம். வரிசை எண், செக்சம் (பிழை காட்டும் சரிபார்ப்பு எண்) சேர்த்து இரண்டு பிரதி மாறி மாறி எழுதினால் போவது அதிகபட்சம் ஒரே எழுத்து.

செல் மூன்று போதும். பழையபடி நான்கு போட்டால் புது ஆல்கலைன் 6.4 வோல்ட் வரை காட்டும். பிக்கோவுக்கு மின்சாரம் கொடுக்கும் விசிஸ் (VSYS) பின் தாங்குவது 5.5. செல்லிலிருந்து விசிஸுக்கு ஒரு 1என்5817 டயோடு வழியாகக் கொடுங்கள். இல்லையென்றால் யூஎஸ்பி மாட்டும்போது மின்னோட்டம் செல்லுக்குள் ஏறும். திரைக்கான 5 வோல்ட்டுக்கு, வோல்ட்டை உயர்த்தித் தரும் எம்டி3608 பூஸ்ட் பலகை. திரையை இணைக்கும் முன் மல்டிமீட்டர் வைத்து 5.0-க்குத் திருகுங்கள், வாங்கும்போது அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது, அதிக வோல்ட்டில் திரை போய்விடும்.

பெட்டிக்கு 300 மி.மீ. அகலம் வேண்டும். விசைக்கு 19.05 மி.மீ. வீதம் 15 விசை 286 மி.மீ., அதில் நன்றாக அடங்கும். சின்ன 3டி பிரிண்டரில் இரண்டு பாதியாக அச்சிட்டு ஒட்டலாம். விசைத் தட்டு மட்டும் 1.5 மி.மீ. இருக்க வேண்டும், 3 மி.மீ. அக்ரிலிக்கில் 14 மி.மீ. சதுரத் துளை சரியாகவே இருந்தாலும் சுவிட்சின் கொக்கி மாட்டாது, விசையின் மூடியை இழுத்தால் சுவிட்சும் கையோடு வரும்.

மோடமுக்குப் பதில் யூஎஸ்பி: பிக்கோவைக் கீபோர்டாகக் காட்டினால், எழுதியதை எந்தக் கணினியிலும் தானே அடித்துக் கொடுக்கும். தமிழுக்கு அந்த வழி உதவாது, அந்தக் கணினியின் கீபோர்டு அமைப்பைப் பொறுத்து எழுத்து மாறும். மைக்ரோஎஸ்டி கார்டில் யூடிஎஃப்-8 கோப்பாக எழுதிக் கொடுங்கள். கார்டு பக்கத்திலேயே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் இருக்கட்டும். இல்லாவிட்டால் கார்டு எழுதும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தில், தீரப்போகும் செல் தொய்ந்து பிக்கோ ரீசெட் ஆகும்.