பழைய அலமாரிக்குப் புது வண்ணம்: காசு வீணாகும் இடங்கள்

வீட்டில் கிடக்கும் சாதா மேசையையும் ஸ்டூலையும் அடையாளம் தெரியாமல் மாற்றிவிட பெயிண்டை விட மலிவான வழி இல்லை. ஆனால் குமரி மாவட்டத்தில் டப்பாவைத் திறக்கும் முன் மரத்தையும் வானத்தையும் பார்த்துவிட வேண்டும். காசு பெயிண்டில் போவதை விட, உரிந்ததைச் சுரண்டி மறுபடி அடிப்பதில்தான் அதிகம் போகிறது.

பாட்டி காலத்து அயனி, பலா, தேக்குச் சாமான்களுக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் என் கணக்கில் முதல் தவறு. பத்மநாபபுரம் அரண்மனையில் மரத் தூணையும் உத்தரத்தையும் அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்கெல்லாம் துடைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டால் போதும். எனாமல் பெயிண்ட் ஒருமுறை மரத்துக்குள் இறங்கிவிட்டால் ரேகையை மீட்பது பெரும்பாடு. பிளைவுட், ரப்பர் மரம், இரும்பு பீரோ, சன்மைக்கா மேசை இவைதான் பெயிண்டுக்குத் தோதானவை.

ரப்பர் மரத்தில் ஒரு எச்சரிக்கை. மருந்து ஏற்றாத மரம் சீக்கிரம் உளுத்துவிடும். ஓட்டையைப் பட்டியால் (புட்டி) அடைத்து மேலே அழகாக நீலம் பூசினாலும் பூச்சி உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சாமானுக்கு அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள். மருந்து வைத்து, தூள் நின்ற பிறகுதான் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு அடியில் போடும் முதல் பூச்சு.

அடுத்து வானம். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று நமக்கு இரண்டு பருவமழை. ஈரம் குடித்த மரத்தில் அடித்த பெயிண்ட் வெயில் வந்ததும் கொப்புளிக்கும். எனாமல் காய நாளாகும், என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் பூச்சு என்றால் பால் சிந்தியது போல வெளுத்துப்போகும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல சமயம். அப்போதும் காலையில் ஆரம்பித்து மாலை ஈரம் இறங்கும் முன் அன்றைய பூச்சை முடிப்பது நல்லது.

எல்லாரும் அவசரப்படுவது சுத்தம் செய்வதில்தான். அடுக்களை ஸ்டூலில் தேங்காய் எண்ணெய்க் கை எத்தனை வருடம் பட்டிருக்கும்? அதைக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் எண்ணெயை இன்னும் உள்ளே தேய்த்துவிடுவீர்கள். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல உலர்ச்சி, அதன்பின் 120 நம்பர் தாள், கடைசியில் 220; மர ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். தேய்த்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் எண்ணெயோ மெழுகோ பழைய வார்னிஷோ இன்னும் போகவில்லை.

பழைய பெயிண்டைச் சுரண்டுகிறவர்கள் தண்ணீர்த் தாள் போட்டு நனைத்தே தேய்க்க வேண்டும். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டின் தூசி குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறக்கக்கூடாது.

சன்மைக்காவுக்குச் சாதாரண மர பிரைமர் பிடிக்காது. பளபளப்பு முழுக்க மங்கும்வரை தேய்த்து, வழுக்கும் பரப்புக்கென்றே விற்கும் பிரைமரை வாங்குங்கள். மறுநாள் பின்பக்க மூலையில் நகத்தால் கீறினால் தெரிந்துவிடும்; செதிலாக வந்தால் மேலே கலர் அடிப்பது வீண். சுவருக்குப் போட்டு மிஞ்சிய பட்டியை மரத்தில் வைக்காதீர்கள், மரம் அசைந்ததும் வெடிக்கும். எனாமலில் என்.சி. தின்னரும் ஊற்றக்கூடாது.

குளச்சல், முட்டம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இரும்பு பீரோவை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகே துருவைச் சுரண்ட வேண்டும். உப்பு உள்ளே தங்கினால் பெயிண்டுக்கு அடியிலேயே துரு வளரும். சுரண்டிய அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள்.

இனி டிசைனர் தோற்றம். ஒரே சாமானில் நாலு கலர், ஸ்டென்சில் பூ, தங்க விளிம்பு எல்லாம் ஏற்றினால் திருவிழாத் தேர்தான் வரும். இரண்டு கலர் போதும். வெளியே அடக்கமான வெள்ளையோ சாம்பலோ. தட்டுகளின் உட்புறம் மட்டும் அழுத்தமான பச்சை. பத்மநாபபுரம் அரண்மனையில் ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் ஜன்னல்களில் வண்ண மைக்காத் தகடு அளவாகத்தானே இருக்கிறது! வெயில் எட்டாத அறைக்கு வெள்ளை என்றால் தண்ணீர் கலந்து அடிக்கும் எனாமல் வாங்குங்கள், எண்ணெய் எனாமல் நாளடைவில் மஞ்சளாகும். ஸ்டென்சிலுக்குப் பஞ்சை பெயிண்டில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி, கிட்டத்தட்ட உலர்ந்தபின் தட்டினால்தான் விளிம்பு கசியாது. மாஸ்கிங் டேப்பை பெயிண்ட் முழுக்க இறுகும் முன் உரித்துவிட வேண்டும். கைப்பிடிக் குமிழ்களை மாற்றுவதற்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள். பெயிண்ட் செய்யாததை அவை செய்யும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே பாத்திரத்தையும் புத்தகத்தையும் அடுக்கிவிடாதீர்கள். எனாமல் உள்ளே இறுக வாரக்கணக்காகும், நம் ஊர் ஈரத்தில் இன்னும் கூடும். அதுவரை கதவுகளைத் திறந்தே போடுங்கள். தட்டில் செய்தித்தாளும் விரிக்க வேண்டாம், எழுத்து அப்படியே பெயிண்டில் பதிந்துவிடும்.