விசுவாசத்தை விலையாக்கும் பிழை

யாழ்ப்பாணத்தில் ‘உறுதி’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது காணி உறுதி, அதாவது நிலம் யாருடையது என்று எழுதிய பத்திரம். 1990ஆம் ஆண்டு போரினால் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்தவர்கள், வேறு எதை விட்டு வந்தாலும் அந்தத் தாளைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார்கள். இராணுவம் உயர் பாதுகாப்பு வலயமாக்கி வைத்திருந்த அந்த நிலத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்திலும் காணி யாருடையது என்று அந்தத் தாள் சொல்லிக்கொண்டிருந்தது. எபிரெயர் 11:1இல் விசுவாசம் ‘நம்பப்படுகிறவைகளின் உறுதி’ என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பைகள்தான் கண்ணுக்குள் வரும். மொழிபெயர்த்தவர்கள் காணித் தாளை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் எங்கள் ஊர்க் காதுக்கு அந்தச் சொல் சரியாகவே கேட்கிறது.

உறுதியிலும் வகை உண்டு. விலை கொடுத்து வாங்கினால் அறுதி உறுதி. பெற்றவர் அன்பினால் எழுதிக் கொடுத்தால் நன்கொடை உறுதி. தேவனுக்கு முன்பாக நாம் நீதிமான்களாக்கப்படுவது இரண்டாவது வகை. ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார் என்பது ஆதியாகமம் 15:6. விருத்தசேதனம் என்ற சடங்கு 17ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. எது முந்தியது என்பதை ரோமர் 4இல் பவுல் விடாமல் பிடித்துக்கொள்கிறார். நாமோ நன்கொடை உறுதியை அறுதி உறுதியாக வாசித்துவிடுகிறோம். உபவாசம், முழு இரவுச் செபம், தசமபாகம் எல்லாம் நல்லவையே. ஆனால் “இவ்வளவு செய்தேனே, ஆண்டவர் ஏன் தரவில்லை?” என்று மனம் கேட்கத் தொடங்கினால், நாம் தவணைப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நீதிமானாக்கப்படுவது நன்கொடையே என்பது புரட்டஸ்தாந்தருக்கு மட்டும் உரிய போதனை என்று எண்ணுவதும் பிழை. 1999 ஒக்டோபர் 31இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் சபைகளும் இதுபற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006இல் மெதடிஸ்தர்களும் இணைந்தார்கள்.

அந்த நன்கொடையை நம் கிரியையால், அதாவது செயல்களால், வாங்க முடியாது என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு பொறி இருக்கிறது. விசுவாசத்தையே காசாக எண்ணிப் பார்ப்பது. காலையில் மனம் உற்சாகமாக இருந்தால் நீதிமான், மாலையில் சோர்ந்தால் ஐயம். நடுங்கும் கையில் இருந்தாலும் உறுதி செல்லும். அதன் பலம் எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்தில் இருக்கிறது. “என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு சொன்ன தகப்பனை (மாற்கு 9:24) இயேசு திருப்பி அனுப்பவில்லை. அவன் பிள்ளையைச் சுகமாக்கினார்.

இந்தக் கணக்கை அடுத்தவர்மேல் போடும்போது அது கொடுமையாகிறது. போரில் காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக இன்னும் காத்திருக்கும் ஒரு தாயிடம், “அம்மா, உங்கள் விசுவாசத்தில் குறைவு இருக்கிறது” என்று ஓர் ஊழியர் சொன்னதை நான் நேரில் கேட்டேன். அந்தத் தாய் பதில் சொல்லவில்லை. பல மாதங்கள் ஆலயத்துக்கும் வரவில்லை. ‘விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்’ என்ற வாக்கு ஆபகூக் தீர்க்கதரிசிக்குக் கொடுக்கப்பட்டபோது கல்தேயர் படை வரப்போகிறது என்பது முன்பே சொல்லப்பட்டாயிற்று. படை வராது என்று கர்த்தர் சொல்லவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் அத்திமரம் துளிர்க்கவில்லை, வயலில் தானியம் இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. 1995 இடப்பெயர்வுக்குப் பின் வீடு திரும்பியவர்களுக்கு வெறுந் தொழுவம் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அங்கே நின்றுகொண்டுதான் ஆபகூக் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார். தொழுவம் வெறுமையானதற்கு யாருடைய விசுவாசக் குறைவு காரணம் என்று அவர் தேடவில்லை.

நீரிழிவு மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தை நிரூபிக்க நினைப்பதும் இதே வகை. 1847இல் இங்கு வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் ஒரு மிஷனரி. செபமும் மருந்தும் அவருக்குப் பகையாகத் தெரியவில்லை.

மறுபக்கத்தில், கிருபை இருக்கிறதே என்று எப்படியும் வாழலாம் என நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வலிகாமத்தில் காணிகள் விடுவிக்கப்பட்டபோது மக்கள் பற்றை வெட்டினார்கள், பாழ்கிணற்றை இறைத்தார்கள். காணியைச் சொந்தமாக்குவதற்காக யாரும் அதைச் செய்யவில்லை. தங்களுடையதாக இருந்ததால் செய்தார்கள். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்வதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

நம் சபைகளில் பற்றை மிக அடர்ந்து நிற்கும் இடம் சாதி. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சாப்பிட்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். மனுஷன் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்ற கலாத்தியர் 2:16 அந்தச் சாப்பாட்டுத் தகராற்றைச் சொல்லும் இடத்தில்தான் வருகிறது. ஆகவே ஒரே கிண்ணத்தில் நற்கருணை வாங்கிவிட்டு, கலியாணப் பேச்சில் சாதி விசாரிக்கும் கிறிஸ்தவக் குடும்பம் செய்வதை ஊர்வழக்கம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. பிறப்பினால் ஒருவர் மேல் என்று ஏற்றால், கிறிஸ்து மரித்தது வீண் என்றாகிவிடும் என்று அதே அதிகாரத்தின் கடைசி வசனம் எச்சரிப்பதை நாமே உண்மையாக்குகிறோம். பிள்ளையின் குறிப்பைத் தரகரிடம் கொடுக்கப் போகிறவர்கள், அதில் சாதி என்ற அந்த ஒரு வரியை வெட்டிவிட்டுக் கொடுங்கள்.